கூடைக்குப் போகாத மாம்பழம்

பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு, சைனிக்புரியில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ராணுவக்காரர், முறுக்கிய நரைமீசை. அவருக்கும் வலது கைதான்.

கண்ணில் விஆர் கருவியை மாட்டினால் ஒரு மாந்தோப்பு தெரியும்; மற்றவர்கள் அதைப் பக்கத்துத் திரையில் பார்க்கலாம். பழத்தைப் பறித்துக் கூடையில் போட வேண்டும், அதுதான் பயிற்சி. நான் ஒழுங்காகப் போடுவேன். அவரோ பறித்த பழத்தை வாய்க்குக் கொண்டுபோகப் பார்ப்பார். கை நெஞ்சுவரை வந்து, நடுங்கி, விழுந்துவிடும். பயிற்சி தரும் பெண் தெலுங்கில் அதட்டினால், "கூடை நக்கோ பேட்டி" என்பார், கூடை வேண்டாம் மகளே என்று உருது கலந்து.

ஒருநாள் கேட்டேன், "இல்லாத பழத்தை எதுக்கு சார் திங்கப் பாக்குறீங்க?"

"சுகர்னு வீட்ல ஒரு துண்டு குடுக்க மாட்டேங்கிறா. இங்க கேக்க ஆளில்லையே."

மூன்றாவது வாரம் அவர் மனைவியும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். அன்று அந்தக் கை நெஞ்சோடு நிற்கவில்லை. மெல்ல ஏறி மீசையைத் தொட்டது. ஆறு மாதமாக அவருக்குச் சோறு ஊட்டிவந்த அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இது எத்தனாவது பழம்?"

"சத்தியமா இதான் முதல்" என்றார், கருவியைக் கழற்றாமலே.

அவர் ஆசைப்பட்டது மாம்பழத்துக்கா, தன் கையால் சாப்பிடுவதற்கா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மறுநாள் முதல் நானும் கூடைப்பக்கம் போகவில்லை.