சிவப்பு மேனிஃபோல்டு வாங்கலாமா?

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு விசைப்படகு நான்கு நாள் தொடர்ந்து எல்லாப் படகுக்கும் முன்னால் மீன்பிடித் துறைமுகத்துக்குள் வந்தது. அதன் இன்ஜினில் சிவப்புப் பெயிண்ட் அடித்த புது இன்டேக் மேனிஃபோல்டு இருந்தது.
2. அதே நான்கு நாளும் சேவியர் அண்ணாச்சியின் படகு கடைசிப் பத்துக்குள் வந்தது.
3. சேவியர் அண்ணாச்சி அதே மாதிரி மேனிஃபோல்டு ஒன்றை ஒரு வார ட்ரையலுக்கு வரவழைத்தார். எங்கள் ஒர்க்‌ஷாப்தான் அதை மாட்டியது.
4. ட்ரையல் ஓட்டத்தில் படகு பறந்தது.
5. மறுநாள் தொழிலுக்குப் போய்த் திரும்பிய படகு, கடைசிக்கு முந்தின படகாக வந்தது.
6. மேனிஃபோல்டில் குற்றமில்லை, டிரைவர் லாரன்ஸிடம்தான் குற்றம், சனிக்கிழமையோடு அவரை நிறுத்திவிடலாம் என்று தீர்மானமானது.
7. அதற்கு அப்புறம்தான் என்னிடம் கேட்டார்கள்.

டிப்ளமோவோ டிகிரியோ முடித்துவிட்டு மரைன் இன்ஜின் பக்கம் வரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக்கல் படித்தவள். ஊர் நாசரேத், ரூம் முத்தையாபுரம். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இது நான்காவது வருடம். ஓனர் தங்கராஜ் அண்ணாச்சி. சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் படுத்துக்கொண்டது என்று சொல்லிவிடுவார். எனக்கு அது வராது. அதனால் நோட்டு வைத்திருக்கிறேன்.

என்னிடம் கேட்டார்கள் என்பதும் கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான்.

"ஏளா மெர்சி, மேனிஃபோல்டு நல்லாருக்குன்னு ஒரு பேப்பர் அடிச்சுக் குடுத்துரு. சேவியர் அண்ணாச்சி அத லாரன்ஸுகிட்ட காட்டணுமாம்."

"டெஸ்ட் பண்ணாம எப்படி அண்ணாச்சி குடுக்க?"

"அதான் ட்ரையல்ல பறந்துச்சுல்லா."

"மறுநாள் படுத்துட்டுல்லா."

"அது டிரைவர்."

"ட்ரையல்லயும் அவருதான ஓட்டுனாரு?"

தங்கராஜ் அண்ணாச்சி டீ கிளாஸைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. கடைசியில், வியாழக்கிழமை ஒரு நாள் படகைத் தொழிலுக்கு அனுப்பாமல் எனக்குத் தருவதாக ஏற்பாடானது. சனிக்கிழமைக்குள் பேப்பர் வேண்டும்.

துறைமுகத்துப் பழக்கம்

எங்கள் படகுகள் விடியலில் போய் அன்றன்றே திரும்ப வேண்டியவை. முதலில் வருகிற படகுக்கு ஏலக்கூடத்துக்கு நேர் எதிரே இடம் கிடைக்கும். பின்னால் வருகிற படகு மற்ற படகுகளின் முதுகில் கட்டிக்கொண்டு, கூடையைத் தலைமேல் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் முதலில் வந்த படகில் புதிதாக என்ன இருக்கிறது என்று எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு தடவை ஒரு படகின் புரொப்பெல்லரில் பச்சைப் பெயிண்ட் இருந்தது. மறுவாரம் கடைகளில் பச்சைப் பெயிண்ட் தீர்ந்துபோனது. இந்த முறை சிவப்பு மேனிஃபோல்டு.

தெரியாதவர்களுக்கு: ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்றை ஆறு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்டு. கம்பெனி மேனிஃபோல்டு ஒல்லியாக இருக்கும். வெளியில் செய்து விற்பது அகலமாக, உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். காற்று தாராளமாகப் போகும் என்பது கணக்கு. வேகமாகச் சுற்றும் இன்ஜினில் இந்தக் கணக்கு பலிக்கும். எங்கள் படகு இன்ஜின்கள் ஃபுல் ரேஸில், அதாவது முழுசாக முடுக்கினாலும், நிதானமாகச் சுற்றுபவை. அவற்றுக்கு ஒல்லிக் குழாயே போதுமா போதாதா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

லாரன்ஸ் அண்ணன் என்னைத் தனியாகப் பார்க்க வந்தார். அந்தப் படகை அவர் பதினோரு வருடமாக ஓட்டுகிறார். மெதுவாக ஓட்டுகிறவன் என்று பெயர் வாங்கி இறங்கினால் வேறு படகில் வீல் கிடைக்காது, இன்னொருவர் படகில் வலைதான் இழுக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில், முதுகுவலியோடு. அவர் கேட்டது இதுதான்:

"தங்கச்சி, அந்தச் செவப்புச் சனியனுக்குள்ள ஓட்ட இருக்குன்னு எழுதிருங்க."

"இல்லாத ஓட்டைய எப்படி எழுத?"

"தேடுனா இருக்கும்."

ஆக, முதலாளிக்கு மேனிஃபோல்டு நல்லதாக இருக்க வேண்டும். டிரைவருக்கு அது கெட்டதாக இருக்க வேண்டும். ஒரு பேப்பர், இரண்டு ஆர்டர்.

கதவு

புதன்கிழமை சாயங்காலம் படகு வந்ததும் ஏறிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது இன்ஜின் இல்லை, இன்ஜின் ரூம் கதவு. அதன் விளிம்பு முழுக்க உளியும் இழைப்புளியும் பட்ட தடம். லாரன்ஸ் அண்ணனிடம் கேட்டேன்.

"உப்புல ஊதிட்டு. ஆசாரிய கூட்டியாந்து ரெண்டு வாட்டி இழைச்சாச்சு. அவரு வந்தா நல்லா தொறக்கு. கடலுக்குப் போனா இறுகிக்கிடுது."

ஒரு விரலால் இழுத்தேன். திறந்தது.

"கடல்ல எப்ப இறுகும்?"

"திரும்பி வரும்போது. ஃபுல் ரேஸ்ல. ஸ்லோ பண்ணா விட்டுரும்."

நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டேன்: மரம் ஆர்.பி.எம். பார்த்து ஊதாது.

அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. ஓடும்போது மட்டும் திறக்க மறுக்கிறது என்றால், உள்ளே யாரோ அதைப் பிடித்து இழுக்கிறார்கள். உள்ளே இருப்பது இன்ஜின் மட்டும்தான். அதற்கு வேறெங்கும் காற்று கிடைக்காமல் கதவிடுக்கில் உறிஞ்சுகிறது.

காற்று வரும் வழியைத் தேடினேன். இன்ஜின் ரூமுக்குக் காற்று இறங்க, கேபினின் பின்சுவரில் இரண்டு ஜன்னல் மாதிரி திறப்பு இருக்க வேண்டும். அடுப்புக்குப் பின்னால் பலகை அடித்த இரண்டு சதுரம் இருந்தது. பலகைக்குப் பின்னால் சாக்கு, சாக்குக்குப் பின்னால் பழைய வலை. மிகச் சுத்தமான வேலை. படகின் சமையல்காரர் இன்னாசி அண்ணன் கொஞ்சம் பெருமையாகவே ஒப்புக்கொண்டார்.

இரண்டு மாதம் முன்பு சேவியர் அண்ணாச்சி ஒரு நாள் படகோடு கடலுக்குப் போயிருக்கிறார். மத்தியானம் சோறு வைத்தபோது, குழம்பில் டீசல் வாடை அடிக்கிறது என்று தட்டை அப்படியே கடலில் எறிந்துவிட்டார்.

"வாடை அந்த ஓட்ட வழியாத்தான் வருது, அடைச்சுப் போடுலன்னு அண்ணாச்சிதான் சொன்னாவ," என்றார் இன்னாசி அண்ணன். "அடச்சதுலருந்து கொழம்பு நல்லாருக்கு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

படகு எப்போதிலிருந்து பின்தங்கியது என்று லாரன்ஸ் அண்ணனிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஏழாவது வாரத்தில் நிறுத்தி, இன்னாசி அண்ணனைப் பார்த்தார். நான் இருவரையும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அப்போதே சேவியர் அண்ணாச்சிக்கு போன் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: ட்ரையல் அன்றும் அடைத்துத்தானே இருந்தது, அன்று எப்படிப் பறந்தது? பதில் என்னிடம் இருந்தது. ட்ரையல் அன்று சிவப்பு மேனிஃபோல்டைப் பார்க்க எட்டுப் பேர் இன்ஜின் ரூம் வாசலில் நின்றார்கள். போக வர முழுக்கக் கதவு திறந்தே கிடந்தது. ஆனால் இதை வாயால் சொன்னால் அவர் நம்ப மாட்டார். அவரே சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை

துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் முனையிலிருந்து ஒரு மிதவை வரை, போக ஒரு முறை, வர ஒரு முறை. நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் சரியாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டின் சராசரி. வீலில் லாரன்ஸ் அண்ணன், எல்லா ஓட்டத்துக்கும் லீவர் ஃபுல் ரேஸில், கட்டிப்போட்டபடி. இன்ஜின் ரூமுக்குள் நானும் தங்கராஜ் அண்ணாச்சியும் மட்டும். சேவியர் அண்ணாச்சிக்குப் படகின் முன்முனையில், அணியத்தில், நாற்காலி போட்டு, கையில் ஜி.பி.எஸ்.ஸும் ஒரு தாளும் கொடுத்தேன். வேகத்தை நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று, எழுத வேண்டும், பக்கத்தில் எந்த மேனிஃபோல்டு ஓடுகிறது என்று தோன்றுகிறதோ அதையும் எழுத வேண்டும்.

"மொதலாளி எனக்கே தெரியக் கூடாதா?"

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி முக்கியமா தெரியக் கூடாது."

தங்கராஜ் அண்ணாச்சிக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ரகசியம் காப்பதற்காக அன்று அவர் பேசவே இல்லை. அவரை அப்படி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

நான்கு ஓட்டம். முதல் இரண்டும் சிவப்பு: ஒன்று கதவை மூடி, ஒன்று திறந்து. அப்புறம் கரைக்கு வந்து, சேவியர் அண்ணாச்சியைச் சாப்பிட அனுப்பிவிட்டு, கேஸ்கெட் மாற்றிக் கம்பெனி மேனிஃபோல்டை மாட்டினோம். மறுபடி ஒன்று மூடி, ஒன்று திறந்து. கதவை மூடும்போது நாங்கள் உள்ளேயே இருந்தோம். ஒரு பிளாஸ்டிக் ட்யூபை வளைத்து, மை கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வெளியேயும் ஒரு முனையை உள்ளேயும் வைத்திருந்தேன். ஃபுல் ரேஸில் தண்ணீர் உள்பக்கம் மூன்று விரல் ஏறி நின்றது. தெர்மாமீட்டர் அறுபத்தெட்டு காட்டியது, வெளியே முப்பத்திரண்டு. இன்ஜினுக்குப் போனது காற்று என்றே சொல்ல முடியாது, வெந்நீர் அறையின் மூச்சு. சூடான காற்று மெலிந்தது. மெலிந்த காற்றை எவ்வளவு அகலமான குழாயில் விட்டாலும் மெலிந்த காற்றுதான்.

கரையில் தாளை வாங்கிப் பார்த்தேன். சேவியர் அண்ணாச்சியின் கையெழுத்தில்:

முதல் ஓட்டம், எட்டரை நாட், பழசு.
இரண்டாவது, எட்டு புள்ளி ஒன்பது, சிவப்பு.
மூன்றாவது, எட்டரை, பழசு.
நான்காவது, எட்டு புள்ளி ஒன்பது, சிவப்பு. அடிக்கோடு இரண்டு.

"நாலாவதுல சந்தேகமே இல்லையா அண்ணாச்சி?"

"சந்தேகமா? நெஞ்சுல வந்து அடிக்கி காத்து. செவப்பு செவப்புதான்."

இன்ஜின் ரூமைத் திறந்து காட்டினேன். வருடக்கணக்கான எண்ணெய் அழுக்கோடு கம்பெனி மேனிஃபோல்டு உட்கார்ந்திருந்தது. சிவப்பு, ஓரத்தில் சாக்கின் மேல் கிடந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எது ஓடுச்சு?"

"கதவு, அண்ணாச்சி. தொறந்து வச்சா எதுவும் ஓடும். மூடுனா எதுவும் ஓடாது."

அடைத்த திறப்புகளைக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது. இன்னாசி அண்ணனைத் தேடினார். டிரைவர் போய், சமையல்காரர் மாட்டுவதற்காக நான் ட்யூபில் மை ஊற்றவில்லை.

"எந்த மடப்பய அடைக்கச் சொன்னது?"

இன்னாசி அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரன்ஸ் அண்ணன் பேச வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சொன்னது நீங்கதானாம் அண்ணாச்சி. ஒரு நாள் தட்டையும் கடல்ல எறிஞ்சியளாம்."

தங்கராஜ் அண்ணாச்சி கடலுக்குள் எதையோ ரொம்ப ஆர்வமாகப் பார்த்தார், அவர் தோள் குலுங்கியது.

"வாடை அடிச்சது உண்மதான," என்றார் சேவியர் அண்ணாச்சி, மெதுவாக.

அப்புறம் அவருக்கு நியாயமான கேள்வி ஒன்று வந்தது. முதலில் வந்த அந்தப் படகில் சிவப்புதானே இருந்தது? அதையும் விசாரித்து வைத்திருந்தேன். அந்தப் படகில் இன்ஜின் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. புது மேனிஃபோல்டை மாட்டியதும் இன்ஜின் ரூமின் மேல் பலகை மூடவில்லை. மூடாத பலகையைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அவர்கள் வாங்கியது மேனிஃபோல்டு, அவர்களுக்கு வேலை செய்தது அந்த ஓட்டை.

பலகை, சாக்கு, வலை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கதவை மூடி ஐந்தாவதாக ஓர் ஓட்டம் போனோம். ஒன்பது நாட். அரை நாட் என்றால் மூன்றரை மணி நேரப் பாதையில் பன்னிரண்டு நிமிடம். எல்லாப் படகும் ஒன்றாகத் திரும்பும் நேரத்தில், பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஏலக்கூடத்து எதிர் இடமெல்லாம் நிரம்பிவிடும்.

பேப்பர்

ஒரு பக்கம்தான் எழுதினேன். இந்த இன்ஜினுக்கு, இந்த வேகத்துக்கு, இந்த மேனிஃபோல்டு தேவையில்லை. மேனிஃபோல்டில் குற்றம் இல்லை. டிரைவரிடமும் குற்றம் இல்லை. கடைசி வரியைச் சேர்க்கும்படி யாரும் கேட்கவில்லை, சேர்த்தேன்.

சனிக்கிழமை சேவியர் அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லாரன்ஸ் அண்ணனிடம் மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. "ஏலே, திங்கக்கெழமைக்கு ஐஸ் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். "சொல்லுதேன்" என்றார் லாரன்ஸ் அண்ணன். போகும்போது, என்னைத் தாண்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக நடந்தார்.

நான் கற்றுக்கொண்டது: ஒரு பார்ட் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், அந்த பார்ட்டைப் பார்ப்பதற்கு முன், இன்ஜினுக்கு இப்போது என்ன கிடைக்காமல் இருக்கிறது என்று பாருங்கள். கூடவே, அந்தப் படகில் யார் எங்கே சமைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். எந்த சிலபஸிலும் அது இல்லை.

இன்றைய நிலை இது. சிவப்பு மேனிஃபோல்டு கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. காற்று வழி இரண்டிலும் கம்பிவலை மட்டும் இருக்கிறது, அடுப்பு படகின் பின்பக்கத்துக்கு மாறிவிட்டது. படகு முதலாவதாக ஒரு நாளும் வந்ததில்லை, பெரும்பாலும் முதல் இருபதுக்குள் வருகிறது. லாரன்ஸ் அண்ணன்தான் ஓட்டுகிறார்.