தோஷம் கழிக்க என் குளமா?

துடியலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்ன மீன் குளம் ஒன்று இருக்கிறது. அது முழுக்கத் தலைமுடி மாதிரி நீளநீளமாகப் பாசி. இன்று காலை அதில் சிக்கி ஒரு தங்கமீன் செத்துக் கிடந்தது.

விளக்குமாற்றுக் குச்சியில் பாசியைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, குளத்த இப்படியா வெச்சுக்குவீங்க? மீனு பாவமுங்க."

சொல்லிக்கொண்டே ஒரு கை பொரியை உள்ளே வீசினார். தோஷம் கழிய மீனுக்குப் பொரி போடச் சொன்னாராம் ஜோசியர். தினமும் என் குளத்தில்தான் போடுகிறார்.

"மீன் தின்னது போக மிச்சம் ஊறி அழுகுதுங்க. அதுலதான் பாசி இப்படி வளருது" என்றேன்.

"நான் மீனுக்குத்தானுங்க போடறேன். அதையப் பாசி தின்னா நான் என்னங்க பண்ணட்டும்?"

"உங்க ஊட்டுலயே ஒரு தொட்டி வெச்சுக்கலாமுங்களே?"

"ஐயோ, கொசு வருமுங்க!"

மரியாதைக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

ஜோசியம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் விலக என்ன பரிகாரம்? மீனுக்குப் பொரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.