‘நாங்க நார்னோல் போறோம்’

ஞாயிற்றுக்கிழமையானால் ஆர்.கே. புரம் அரசாங்கக் குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் தேங்காயும் வாங்கி வருவார்கள். ஜோதிலிங்கம் மட்டும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பாழடைந்த கோட்டை பார்க்க வெளியூர் பஸ் ஏறிவிடுவார். மனைவி அருக்காணி கட்டுச்சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, “என்னைக்கோ செத்தவங்க சமாதியப் பாக்கறதுக்கு இத்தனை அவசரமுங்களா?” என்று கேட்பாள். பதில் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். சரித்திரம் படிக்க ஆசைப்பட்டவரை வீட்டார் காமர்ஸ் படிக்கவைத்தார்கள். காமர்ஸ் அவரை டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தது. படிக்காமல் போன சரித்திரத்தை அவர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பஸ் டிக்கெட் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். தாஜ்மகால் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். “அங்கதான் உலகமே போகுதே, நாம எதுக்கு?” என்பார். அவருக்குப் பிடித்தது ஜஜ்ஜர், ஹான்சி மாதிரி ஊர்கள். சுல்தான் காலத்து நுழைவாயிலுக்குக் கீழே ஜிலேபிக் கடை இருக்கும். காரை உதிர்ந்த கல்லறையின் நிழலில் எருமை படுத்திருக்கும். இவரைத் தவிர ஒரு வேற்றாள் அங்கே எட்டிப் பார்க்கமாட்டான்.

ஒரே ஒரு சிக்கல், ஹிந்தி. ஆபீஸ் ஃபைலில் கையெழுத்துப் போடுகிற ஹிந்தி ஹரியானா கண்டக்டரிடம் செல்லுபடியாகாது. அந்த வேலையை மகள் பார்த்துக்கொண்டாள். டெல்லியிலேயே பிறந்தவள். “பையா, கில்லா கிதர் ஹை?” என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், பாதி ஊர் கோட்டைக்கு வழி காட்டும். அப்பா அவளுக்குத் தமிழில் கதை சொல்லுவார், யார் கட்டினது, யார் இடிச்சது என்று. அவர் சொல்லுகிற ராஜாக்களில் பாதிப்பேர் பொய் என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டாள். அப்போதும் கதை கேட்பதை நிறுத்தவில்லை.

பேர் தமிழ்செல்வி. ஆனால் தமிழ் அவளிடம் படாத பாடு பட்டது. ஹிந்தியில் பஸ் பெண்பால் என்பதால், “பஸ் வந்துட்டாப்பா, ஜல்தி!” என்று கத்துவாள். ஜோதிலிங்கம் சிரித்துக்கொண்டே அந்த மகராசி பஸ்ஸில் ஏறிக்கொள்வார். ஒருநாளும் திருத்தியதில்லை. குழந்தை தமிழில் பேசுகிறதே, அதுவே பெரிசு என்று இருந்துவிட்டார்.

நார்னோல் மட்டும் பாக்கி. குளத்துக்கு நடுவே மாளிகை இருக்கிற ஊர். சிறுபெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் ஒரே நாளில் திரும்ப பஸ் வசதி போதாது. பத்தாவது முடியட்டும் என்றார். பிறகு காலேஜ் சேரட்டும் என்றார். காலேஜ் முடிந்த கையோடு சுரேஷ்குமாரின் ஜாதகம் வந்து சேர்ந்தது. பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளை, நல்ல பையன், அவனும் டெல்லியில் பிறந்தவன். கல்யாணம் முடிந்து மகள் ஜனக்புரிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோதிலிங்கத்துக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அருக்காணியோடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் தேங்காயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மார்கழியில் போன் வந்தது.

“அப்பா, ஞாயிற்றுக்கிழமை நாங்க நார்னோல் போறோம்.”

நாங்க. அதாவது அவளும் மாப்பிள்ளையும். இத்தனை வருஷம் எடுத்து வைத்திருந்த ஊர்! ஆனாலும் கௌரவம் விடுமா?

“சரி அம்மிணி. பத்திரமா போயிட்டு வாங்க.”

“அச்சா... சரிப்பா,” என்று வைத்துவிட்டாள்.

“உம் மக நம்மள விட்டுப்போட்டு நார்னோல் போறாளாமா,” என்று மனைவியிடம் குமுறினார்.

“புதுசா கட்டிக்கிட்டதுக, போயிட்டு வரட்டுமுங்க. நீங்க எதுக்கு நடுவால?” என்றாள் அருக்காணி. நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதால் இன்னும் வலித்தது.

அப்புறமும் அவள் போன் செய்தாள். நாங்க ஜஜ்ஜர் போறோம். நாங்க ஹான்சி போறோம். ஒவ்வொரு தடவையும் இவர் அதே, “போயிட்டு வாங்க.” நாளாக ஆக அவர் குரலில் ஒரு வெடுக்கும் சேர்ந்துகொண்டது. ஒரு கட்டத்தில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். விசேஷத்துக்கு வருவாள், சாப்பிடுவாள், போவாள். மாப்பிள்ளை மாமனார் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான்.

2004-இல் சுரேஷ்குமாருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் இருவரும் விருந்துக்கு வந்தார்கள். ஜோதிலிங்கம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

“அப்பா, வாங்க, நாங்க சாப்பிடலாம்!”

“நீங்க சாப்பிடுங்க,” என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். மேஜையில் அவர் தட்டு இருந்தது. அவள் தட்டுக்குப் பக்கத்திலேயே, சோறு பரிமாறி, நெய் ஊற்றி.

பேப்பர் கையிலிருந்து நழுவியது. எழுந்து போய் நின்றார். “அம்மிணி, அன்னைக்கு நார்னோல் போறோம்னு போன் பண்ணினியே, யாரு யாரு போறதா இருந்துது?”

“நாங்கதான்பா. நீங்க, நான், இவர். அம்மா எப்பவும் வரமாட்டாங்களே.” குனிந்தபடி தண்ணீர் ஊற்றினாள். “நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்க. இவர்கூட வரப் பிடிக்கலையோன்னு நினைச்சோம். அப்புறம் நாங்களும் போகலை. எங்கயுமே போகலை.”

ஹிந்தியில் எல்லாவற்றுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான். கேட்கிறவனைச் சேர்த்துக்கொண்டாலும் ஹம், தள்ளிவைத்தாலும் ஹம். அந்தப் பெண்ணுக்கு நாமும் நாங்களும் ஒன்று, பிறந்ததிலிருந்தே ஒன்று. சின்ன வயதில் ‘நாங்க எப்போ போறோம்பா?’ என்று அவள் கேட்டபோது அந்த நாங்கவில் அவரைத் தவிர வேறு ஆளே கிடையாது. அதனால் அவர் காதில் உறைக்கவேயில்லை. நடுவில் ஒரு மாப்பிள்ளை வந்ததும் திடீரென்று தமிழ் இலக்கணம் நினைவுக்கு வந்துவிட்டது மனுஷனுக்கு! ஐந்து வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு சொல்லுக்குப் பறிகொடுத்து நின்றார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை எதிரில் இருந்ததால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவும் இல்லை.

அவள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, மனசு கேட்காமல் போனில் எல்லாவற்றையும் சொன்னார். நாம என்றால் என்ன, நாங்க என்றால் என்ன, தான் எப்படித் தப்பாக எடுத்துக்கொண்டோம் என்று விளக்கி விளக்கிச் சொன்னார். மன்னிப்புக் கேட்பதாகத்தான் அவர் நினைப்பு. அவளுக்கோ தன் தப்பு மட்டும்தான் காதில் விழுந்தது.

“அப்போ, என்னாலதானாப்பா?”

“ஐயோ, இல்ல சாமி, எம்மேலதான் தப்பு,” என்று பதறினார். அதற்குள் அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

அந்த வாரத்தோடு அப்பாவிடம் தமிழ் பேசுவதை விட்டுவிட்டாள். கோபமில்லை, பயம். இன்னொரு தடவை எந்தச் சொல் எங்கே போய்க் குத்துமோ என்கிற பயம். அம்மாவிடம் பழையபடி கொச்சைத் தமிழில் வளவளவென்று பேசுவாள். அப்பா போனை வாங்கியதும் ஹிந்திக்கு மாறிவிடுவாள், சுத்தமான, மரியாதையான ஹிந்தி. பஸ் வந்துட்டா என்று ஒரு தரமாவது தப்பாகப் பேசமாட்டாளா என்று ஜோதிலிங்கம் ஏங்கிப்போனார். இத்தனை காலம் திருத்தாமல் இருந்தவர் கடைசியில் போய்த் திருத்திவைத்தார், அதுவும் ஒரேயடியாக.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினாள். “டிசம்பர் மே ஹம் லோக் ஆ ரஹே ஹைன், அப்பா. பஸ் மே பைட்கே கஹீன் கூம்னே ஜாயேங்கே.” டிசம்பரில் வருகிறார்களாம். பஸ்ஸில் ஏறி எங்காவது சுற்றப் போவார்களாம். அல்லது போவோமாம். ஜோதிலிங்கம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். நானும் வரட்டுமா என்று கேட்கிற அளவுக்கு அவருக்கு ஹிந்தி தெரியும். தமிழிலேயே கேட்டாலும் அவளுக்குப் புரியும்.

“அச்சா,” என்று சொல்லிவிட்டுப் போனை அருக்காணியிடம் கொடுத்தார்.