உங்கள் அம்மா ஏன் பாடுவதில்லை

உங்கள் அம்மாவின் பாட்டை நிறுத்தியவன் நான்தான்.

அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு வயரைப் பிடுங்கினேன். அதன் பிறகு ஒரு சின்ன உண்மையைச் சொல்லாமல் விட்டேன். அவ்வளவுதான்... அவளுக்கு அது போதுமாயிருந்தது!

ஸ்டெல்லா, அன்டன்... கோயிலில் எல்லாரும் பாடும்போது அம்மா மட்டும் ஏன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள் என்று சின்ன வயதில் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "அம்மாவுக்குத் தொண்டை சரியில்ல" என்று நான் சொன்னேன். பொய்! அவளுடைய தொண்டைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாத்தளைப் பக்கம் பலாபத்வலையில் மிளகும் கிராம்பும் வாங்கும் கடையில் மூட்டை நிறுப்பவனாகத்தான் என்னை உங்களுக்குத் தெரியும். கடையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களே குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலுக்குள் காலை வைத்துவிட்டால் நான் வேறு ஆள். பாட்டுக்காரன்! பங்குச் சுவாமியே பூசை தொடங்குமுன் திரும்பி நான் வந்துவிட்டேனா என்று பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காக கிழமையின் மிச்ச ஆறு நாளும் மூட்டை தூக்குவேன்.

தவக்காலம் வந்தால் எங்கள் கோயிலில் ஆர்மோனியத்தை ஊதா துணி போட்டு மூடிவிடுவார்கள். வெறுங்குரல்தான். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை. சுவரிலுள்ள ஒவ்வொரு ஸ்தலப் படத்துக்கும் நடக்கும்போது நான் ஒரு அடி பாடுவேன். பெண்கள் பக்கத்திலிருந்து அதே அடி திரும்பி வரும். மறுபடியும் நான், மறுபடியும் அவர்கள். பதினான்கு ஸ்தலமும் என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது உங்கள் ரொபட் மாமா டுபாயிலிருந்து லீவில் வந்த வருடம். அம்மாவின் தம்பி எனக்குப் போட ஒரு சேட்டும், உங்களுக்குச் சொக்கலேட்டும், தனக்கென்று ஒரு மினிடிஸ்க்கும் கொண்டுவந்தான்.

நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். குளிக்கிற சவர்க்காரக் கட்டி அளவுதான். வெள்ளி நிறம். பிஸ்கட் மாதிரி சதுரமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு குட்டித் தட்டு மினுங்கும். கசெட்டைப் போல நாடா சிக்காது, இரையாது. ஒரு சின்ன மைக்கைக் குத்தினால் நாம் பாடுவதையும் பிடித்துக்கொள்ளும். கரண்ட் இருந்தால் கரண்டில், இல்லாவிட்டால் ஒரு பென்டோர்ச் பற்றரியில் ஓடும்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையை ரொபட் அதில் பதிந்தான். பெண்கள் பக்கத்து ஜன்னல் கட்டில் வைத்திருந்தான். வேறு இடம் கிடைக்கவில்லை, பாவம். அவனிடம் ஒரு கள்ளமும் இல்லை...

மறுநாள் வீட்டில் முதலில் என் காதில்தான் இயர்ஃபோனை மாட்டினான். "கேளுங்க அத்தான். அப்பிடியே தத்ரூபமா இருக்கும்!"

கேட்டேன். யாரோ ஒருவன் மூக்கால் பாடினான்... சளி பிடித்த ஆடு கத்துவதைப் போல.

"இது யாரு?"

ரொபட் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்கதான் அத்தான்! பயப்படாதீங்க. தன்னோட குரல மொத தடவ கேட்டா யாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். நம்ம குரல நாம மண்டைக்குள்ள இருந்து கேட்டே பழகிட்டோம்ல. நான் என் குரலக் கேட்டுட்டு மெஷின் பழுதுன்னு கடைக்கே திருப்பிக் கொண்டு போனவன்!"

இந்த வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் எனக்குச் சொன்ன ஆறுதல் இது. நான் அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு... உங்கள் அம்மாவிடமிருந்து ஒளித்தேன்.

ஆறுதலோடு மிச்சத்தையும் கேட்டேன். அங்கேதான் என் வயிறு எரியத் தொடங்கியது.

நான் ஒவ்வொரு அடியையும் முடிக்கும்போது சுருதி கொஞ்சம் இறங்கிவிடுகிறது. ஒரு மயிரிழைதான். ஆனால் அந்த மெஷின் மயிரிழையையும் விடவில்லை. திரும்பி வருகிற பெண்கள் குரலில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது. அது சுருதியை எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறது... நான் மறுபடி இறக்குகிறேன். அது மறுபடி தூக்குகிறது. பதினான்கு ஸ்தலமும் இப்படியே!

அது செலினின் குரல். அன்டனை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நிற்கிறவள். என் பெண்சாதி. உங்கள் அம்மா.

நான் கூட்டிப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். என்னைத்தான் ஒருத்தி தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். கல்யாணம் கட்டிய காலத்திலிருந்து! அவளுக்கே அது தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காதோ? எனக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் ஆர்மோனியக்காரர் சூசை அண்ணன் வந்தார். அவரும் கேட்டார். கேட்டுவிட்டு என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "என்னா மச்சான்! தங்கச்சி இல்லாட்டி நீ மூணாம் ஸ்தலத்துலயே குப்புற விழுந்திருப்ப போலயே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த செலினை ரொபட் கூப்பிட்டான். அவள் வரவில்லை. "போடா, என் குரல நானே கேக்குறதா? வெக்கமாருக்கு" என்றாள். ஆகையால் வீட்டில் அதைக் கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை நானும் ரொபட்டும் மாத்தளை டவுனுக்குப் போனோம். யுத்த காலம் அல்லவா, வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். வயரும் மைக்குமாக அந்தப் பெட்டியைக் கண்டதும் ஆமிக்காரன் முகம் மாறிவிட்டது. "மொகக்த மேக்க?" என்ன இது என்று துவக்கைத் திருப்பினான். ரொபட் சிங்களத்தில் பாட்டுப் பெட்டி என்று சொல்லி இயர்ஃபோனை நீட்டினான். அந்தப் பொடியன் ஒரு காதில் வைத்துக் கேட்டான். கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு பாடுகிற அந்த நோனா, அந்தப் பொம்பளை, யார் என்று கேட்டான்!

உயிரோடு விட்டானே என்றல்லவா நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நானும்தானே பாடினேன்... என்னை ஏன் அவன் கேட்கவில்லை?

இப்படிப்பட்டவன் உங்கள் அப்பா.

சுவாமியின் காதுக்கும் அது போயிற்று. கண்டியில் தவக்காலப் பாடல் கசெட் ஒன்று வெளியிடப் போகிறார்களாம். பல கோயில்களிலிருந்து நல்ல குரல்களைத் தேடுகிறார்களாம். "செலின் ஒரு பாட்டைத் தனியாகப் பாடட்டும். ரொபட் போகுமுன் பதிந்து தாருங்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்றார். என்னை அவர் கேட்கவில்லை. எனக்குக் கோபம் சுவாமி மேல் வரவில்லை... அவள் மேல் வந்தது!

அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிணற்றடியில் பாடினாள். உலையில் அரிசி போடும்போது பாடினாள். என்னிடம் வந்து, "இந்த எடத்துல மூச்சு எங்கங்க விடுறது? நீங்கதானே பாட்டு தெரிஞ்சவரு" என்று கேட்டாள். என்னிடமே கேட்டாள்... நான் தப்பான இடத்தைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் பாடிப் பார்த்துவிட்டு, தானாகவே சரியான இடத்தில் மூச்சு விட்டாள்.

ரொபட் பயணப்படுவதற்கு முதல்நாள் பதிவதாக இருந்தது. அன்று காலை டிக்கட் விஷயமாக அவன் டவுனுக்குப் போக வேண்டியதாயிற்று. போகுமுன் எனக்கு எல்லாம் காட்டிவிட்டுப் போனான். பற்றரி தீர்ந்திருந்ததால் சுவர் பிளக்கில் குத்தினான்.

"ஸ்டொப்ப அமத்துன ஒடனே வயரத் தொட்டுறாதீங்க அத்தான். இந்தா, இங்க மூணு இங்கிலீஸ் எழுத்து மின்னும். அது நிக்கிற வரைக்கும் விடுங்க. பாட்டு தட்டுக்குள்ள போயிரும், ஆனா அது எங்க இருக்குன்னு கடைசியிலதான் மெஷின் எழுதும். அத எழுத முந்தி கரண்ட் போச்சுன்னா பாட்டு உள்ளயே கெடந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. வெறுந்தட்டுன்னு சொல்லிரும்."

நான் தலையாட்டினேன். எல்லாம் விளங்கியது. நன்றாகவே விளங்கியது!

உங்களைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். கொக்கரிக்கும் என்று கோழியையும் கூடையைக் கவிழ்த்து மூடினாள் செலின். ஞாயிறு சீலையை உடுத்திக்கொண்டாள். முகம் பார்க்காத மெஷினுக்கு எதற்குச் சீலை என்று நான் கேட்கவில்லை. மைக்குக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பாடினாள்.

எப்படிப் பாடினாள் என்று எழுத எனக்குப் படிப்புப் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அழுதுவிடுவேனோ என்று பயந்து நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழ வந்ததே... பிறகு எப்படி அதைச் செய்தேன்?

பாட்டு முடிந்தது. ஸ்டொப்பை அமத்தினேன். மூன்று எழுத்துகளும் மின்னத் தொடங்கின. அவள் கோழியைத் திறந்துவிட வெளியே போனாள்.

நான் வயரைப் பிடுங்கினேன்.

கை தவறியது என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. பார்த்து, நின்று, பிடுங்கினேன்.

"கரண்ட் போயிருச்சு செலின்" என்றேன். அந்தக் காலத்தில் கரண்ட் நினைத்த நேரம் போகும். பகல் வேளை, லைட் ஒன்றும் எரியவில்லை. அவள் சந்தேகப்பட ஏதுமில்லை.

"பரவால்லங்க. தம்பி வந்ததும் திரும்பப் பாடுறேன்" என்றாள். கொஞ்சமும் முகம் வாடவில்லை! ஒரு பாட்டைப் பிடுங்கினால் இன்னொன்று பாடுவாள். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

கொஞ்ச நேரம் விட்டு, கரண்ட் வந்துவிட்டது என்று பிளக்கைக் குத்தினேன். வெள்ளிக்கிழமைத் தட்டைப் போட்டேன். "திரும்பப் பாடுறதுக்கு முந்தி இத ஒருக்கா கேளு" என்று அவள் காதில் இயர்ஃபோனை நானே மாட்டிவிட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு நடந்ததுதானே!

"ஐயோ... இந்தக் கீச்சுக் குரல் யாருது?"

"ஒன்னோடதுதான்."

"நானா? ஓட்டத் தகரத்த சொரண்டுன மாதிரில இருக்கு!"

தன் குரலை முதல் தடவை கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்... ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை.

"இத்தன நாளும் எல்லாருக்கும் இப்பிடியாங்க கேட்டுச்சு?"

"நாங்க பழகிட்டோம் செலின்" என்றேன்.

நாங்க பழகிட்டோம்! இதைவிட அவளை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

அவள் இயர்ஃபோனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தாள். சீலையை மாற்றிக்கொண்டு குசினிக்குள் போனாள். ரொபட் வந்து வெறுந்தட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். திரும்பப் பாடச் சொல்லிக் கெஞ்சினான். "தொண்ட கட்டிக்கிச்சுடா, விடு" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க ஏதோ இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

ரொபட் போனான். மெஷினும் தட்டுகளும் அவனோடு போயின. பிறகு கண்டியிலிருந்து அந்தக் கசெட் வந்தது. வேறு ஒரு பெண் பாடியிருந்தாள். செலின் முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா பாடுது இந்தப் புள்ள" என்றாள்.

ரொபட் போன அடுத்த வெள்ளிக்கிழமையே சிலுவைப்பாதையில் அவள் வாய் திறக்கவில்லை. என் சுருதி இறங்கியது. தூக்க ஆளில்லை. பெண்களும் என்னோடு சேர்ந்து இறங்கினார்கள். பாதி வழியில் எல்லார் குரலும் அடிவயிற்றுக்குப் போய்விட்டது. "ஆண்டவரு கல்லறைக்கு வர முந்தி நாம போயிருவோம் போலயே மச்சான்!" என்று சூசை அண்ணன் என் காதில் முணுமுணுத்தார்.

அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கமல்ல... நிம்மதி! எவ்வளவு கீழே போனாலும் கேட்டது என் குரல் மட்டும்தானே.

ஸ்டெல்லா, உன்னிடம் ஒன்று. பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குச் சேர்கிறேன் என்று நீ வந்து நின்றபோது, படிப்பு கெடும் என்று தடுத்தேன். உன் படிப்பில் எனக்கிருந்த அக்கறை அல்ல அது. நீ வாசலில் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டிருந்தேன். அதே குரல். பெற்ற பிள்ளை மேலும் பொறாமை வருமா என்று கேட்பாய். வந்தது, மகளே.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல வாயெடுத்த நாட்கள் உண்டு. சொன்னால் அந்தக் குரல் நல்ல குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருடம் பாடாமல் நின்றது வீண் என்பதும் தெரிந்துவிடும். அதை எந்த முகத்தோடு அவள் கையில் கொடுப்பேன்? இதோ, இப்போது அந்தச் சுமையை உங்கள் தலையிலும் ஏற்றிவிட்டேன். இதுவும் என் தப்புத்தான்.

இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் கோயிலுக்குள் நுழையும்போது அவளிடம் சொன்னேன்: "இன்னைக்கி நீயும் பாடேன் செலின்."

அவள் சிரித்தாள். "சும்மா வாங்க. என் குரலப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான் ஒரு தரம் காதால கேட்டேனே."

எனக்கு இப்போது சின்ன எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. புத்தகத்தில் பாட்டுப் பக்கத்தை அவளே தேடி எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீங்க பாடுங்க" என்றாள்.

நான் பாடினேன்.