பெரிய வெள்ளியன்று துக்கம் விசாரித்தது

எட்டு வயதிலேயே துக்க வீட்டு நடைமுறைகள் எனக்கு அத்துப்படி. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அந்த வருடம் எங்கள் பிளாக்கில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு சாவு. அம்மா போகிற இடத்துக்கெல்லாம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிறவள் நான் என்பதால், எல்லாவற்றையும் கிட்டே இருந்து பார்த்திருந்தேன். பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. உள்ளே நுழைந்தால் 'வாங்க' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லவே கூடாது. அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோக வேண்டும். வாய்ப்பாட்டில்தான் நான் சுமார், இதில் யார் எப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் முன்னால் அந்தந்தப் பண்டிகையைப் பற்றிச் சொல்லித் தந்ததுபோல, ஈஸ்டருக்கு முந்தைய வாரம் தினமும் கடைசிப் பீரியடில் அந்தக் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். திங்கட்கிழமை கழுதை மேல் ஊர்வலம். என் பக்கத்து பெஞ்சுப் பையன் கழுதையாக நடித்தான், நாங்கள் தென்னை ஓலைக்குப் பதில் ஸ்கேலை ஆட்டினோம். புதன்கிழமை கடைசிச் சாப்பாடும், கூட இருந்தவனே காட்டிக்கொடுத்ததும். வியாழக்கிழமை சிலுவை.

டீச்சர் அன்று அவர் பெயரையே சொல்லவில்லை. 'அவர்', 'அவர்' என்றேதான் சொன்னார். எங்கள் அம்மாவும் அப்பாவை அப்படித்தான் சொல்லுவாள். முப்பத்து மூன்று வயதுதான் அவருக்கு, அவருடைய அம்மா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னபோது டீச்சர் திரும்பி நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகையை ஒருமுறை துடைத்தார். கல்லறையைக் கல்லால் மூடியதோடு மணி அடித்துவிட்டது. மிச்சம் திங்கட்கிழமை என்றார்.

நாளைக்கு உங்கள் வீட்டில் என்ன பலகாரம் என்று முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள்.

"நாளைக்கு அவர் இறந்த நாளுல்லா மக்களே. பூ வைக்க மாட்டோம், அடுப்பு பத்த வைக்க மாட்டோம்" என்றார் டீச்சர்.

எனக்குப் பகீரென்றது. டீச்சரின் வீட்டுக்காரர் ஓசூரில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமைதான் வருவார் என்று எங்களுக்குத் தெரியும். அப்படியானால் இவருக்கு யார் சோறு கொண்டுபோவார்கள்?

மறுநாள் காலை அம்மாவிடம் டீச்சர் வீட்டில் சாவு என்றேன். யார் என்று கேட்டாள். அவங்களுக்கு ரொம்ப வேண்டியவர் என்றேன். வயதைக் கேட்டாள், சொன்னேன். கல்யாணம் ஆகவில்லை என்றேன். பெற்ற அம்மா இருக்கிறாளா என்றாள். பக்கத்திலேயே நின்று பார்த்தாள் என்றேன். எப்படி என்றாள். சிநேகிதனே காட்டிக்கொடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்துக்கொண்டு போய் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பெயரை அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். அப்பா வீட்டில் இருந்திருந்தால் குறுக்கு விசாரணை நடந்திருக்கும், அவருக்கு அன்று ஓவர்டைம்.

மத்தியானம் அம்மா ஒரு தூக்கில் ரசம் சாதமும் இன்னொன்றில் தயிர் சாதமும் எடுத்துக்கொண்டாள். தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டு, என் ரிப்பனையும் வெள்ளையாக மாற்றினாள். ஷேர் ஆட்டோவில் அண்ணனூர் போய், ரயில்கள் ஓய்வெடுக்கும் ஷெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் வீட்டுச் சொந்தக்கார அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரா? மேலதான் கீறாங்க. கோயிலுக்குப் போய்ட்டு இப்பதான் வந்தாங்க. இன்னா விசயம்?"

துக்கம் விசாரிக்க வந்தோம் என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

அந்த அம்மா மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டார். "இப்பனா வந்தீங்களேம்மா. கொழந்த போயி மூணு மாசம் ஆவுது. பொறந்த ரெண்டாம் நாளே பூடுச்சி. அத்தினி சின்னதுக்கு யாரு வந்து துக்கம் கேக்குறா? ஒருத்தரும் படி ஏறி வர்ல."

பொங்கலை ஒட்டி டீச்சர் ஒரு மாதம் வராமல் இருந்தது உண்டு. காய்ச்சல் என்றார்கள். குண்டாக இருந்த டீச்சர் இளைத்து வந்தார், எங்கள் கவனம் அவ்வளவுதான். அந்த அம்மா சொன்ன குழந்தை யாருடையது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அம்மா மாடிப்படியின் கீழே நின்றுவிட்டாள். பிறகு குனிந்து, "யாருடி செத்தது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏசு" என்றேன். இவ்வளவு நேரம் அது தெரியாமலா வந்தாள் என்று எனக்கு ஆச்சரியம்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கன்னம் பழுக்கப்போகிறது என்றே நினைத்தேன். அப்படியே திரும்பியிருக்கலாம், டீச்சருக்கு நாங்கள் வந்ததே தெரிந்திருக்காது. முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் போய், ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறுவதா என்றும் அவள் யோசித்திருக்க வேண்டும். நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். தூக்குகளை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள்.

டீச்சர் வெள்ளைப் புடவையில் கதவைத் திறந்தார். எங்களை 'வாங்க' என்று சொல்லவில்லை. முறை தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் முன்னாடியே வந்திருக்கணும் டீச்சர். எனக்குத் தெரியாமப் போச்சு."

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு டீச்சர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பேருகூட வைக்கலக்கா" என்றார் டீச்சர்.

சுவரில் ஏசுவின் படம் இருந்தது, படத்துக்குக் கீழே பெயரும் இருந்தது. டீச்சர் ஏன் இப்படிச் சொல்கிறார் என்று நான் குழம்பிப்போனேன்.

சாயங்காலம்வரை உபவாசம் என்றார். அம்மா விளக்கு வைக்கும் நேரம்வரை உட்கார்ந்திருந்து, தயிர் சாதத்தைப் பிசைந்து உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள். தூக்கு காலியாகும்வரை அவளும் எழுந்திருக்கவில்லை, அவரையும் எழுந்திருக்க விடவில்லை. கிளம்பும்போது, "போய்ட்டு வரோம்" என்றாள் நிதானமாக. நான் பதறிப்போய் அவள் புடவையை இழுத்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. சொன்னபடியே அதற்கப்புறம் எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை கடைசிப் பீரியடில் டீச்சர் மிச்சக் கதையைச் சொன்னார். விடியற்காலையில் பெண்கள் வாசனைத் தைலம் எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே கல்லறைக்குப் போனார்கள். கல் புரண்டு கிடந்தது, உள்ளே யாருமில்லை. அவர் எழுந்துவிட்டார், பெற்றவளுக்குப் பிள்ளை திரும்பக் கிடைத்துவிட்டான், இதுதான் ஈஸ்டர் என்று சொல்லிக் கைகளை விரித்துச் சிரித்தார். வகுப்பே கைதட்டியது. கழுதையாக நடித்தவன் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தான்.

எனக்கு மட்டும் கோபம். இதை வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் நாங்கள் சோறு சுமந்துகொண்டு போயிருக்க வேண்டாமே. வீட்டுக்குப் போனதும், அவர் உயிரோடு வந்துவிட்டாராம், நாம் வீணாகப் போய் வந்தோம் என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

"வீணாகலடி" என்றாள். அன்று அடிக்கவும் இல்லை. நான் பத்தாவது படிக்கும்போதுதான் டீச்சரின் குழந்தை விஷயத்தை முழுதாகச் சொன்னாள். அந்தப் படியில் திரும்பாமல் ஏறிய என் அம்மாவுக்கும், ஒரு சிறுமியின் அசட்டுத்தனத்தைப் பள்ளியில் ஒரு நாளும் சொல்லிச் சிரிக்காத அந்த டீச்சருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

தன் பிள்ளை எந்த நாளும் எழுந்து வராது என்று தெரிந்த ஒரு தாய், இன்னொரு தாய்க்குப் பிள்ளை கிடைத்த சந்தோஷத்தை நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு துளி குறையாமல் சொல்லித் தந்திருக்கிறார். அது தெரியாமல், அந்த வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, கைதட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.