ஏ ஆல்ட்டர், ஈ ஆல்ட்டர்

அஞ்சுகிராமத்தில் பஸ் டீக்கு நிற்கிறது. எதிரே ஒரு தையல் கடை. அதன் பலகையில் 'ஆல்ட்டர் வேலை செய்யப்படும்' என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதியிருக்கிறது. கீழ்வரி, துணியை அளவுக்குப் பிடித்துத் தரும் வேலை; கடைசி எழுத்துக்கு முன் 'ஈ' (e) போட்டுச் சரியாக இருக்கிறது. மேல்வரியில் அதே இடத்தில் 'ஏ' (a).

அச்சகத்தில் பிழை திருத்துகிறவனால் சும்மா இருக்க முடியுமா? டீயைப் பாதியில் வைத்துவிட்டு, நழுவும் பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி சாலையைக் கடக்கிறேன்.

மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம், "மேல் வரி தப்புங்க. ஏ போட்டா அது சர்ச்சுல இருக்கிற பீடம்" என்கிறேன்.

அவர் மடியிலிருக்கும் வெள்ளைத் துணியை விரிக்கிறார். மேசை கொள்ளாத நீளம். நடுவில் ஊதா நூலில் ஒரு சிலுவை, பாதி முடிந்திருக்கிறது.

"பீடத்துக்கு விரிக்கதுதான் சார் தைக்கேன். வாரவங்க எல்லாம் திருத்துதாங்க. ஏ போட்டா ஆண்டவருக்கு, ஈ போட்டா இடுப்புக்கு. இவ்வளவுதான்."

இத்தனை வருடம் அகராதி புரட்டியும் எனக்கு இப்படிச் சொல்ல வந்ததில்லை. பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் திரும்புகிறேன்.

"சார்!" அக்காவின் கண் பேன்ட்டைப் பிடித்திருக்கும் என் கையில் இருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. "ஒங்களுக்கு ஈ வேணும்."