தலைகீழாகத் தொங்கிய கடிகாரம்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னது பின்னதாகப் போயிருக்கும், எதையாவது விட்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிற ஒரு கடிகாரம். கையில் கட்டுவது இல்லை. நர்சுமார் நெஞ்சுப் பக்கம் சட்டையில் குத்திக்கொள்கிற சின்னக் கடிகாரம். அதில் எண் கிடையாது, சுற்றிலும் கோடுகள்தான். என் மருமகள் நர்சு படிப்புக்குப் போனபோது வாங்கியது. இப்பவும் ஓடுகிறது. போன வாரம்தான் கடைக்குக் கொண்டுபோய் செல் மாற்றிக்கொண்டு வந்தேன்.

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் படிக்கப் போனாள். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் ஆஸ்பத்திரி வார்டு. என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவன் அனுப்புவது வீட்டுச் செலவுக்குச் சரியாகிவிடும். படிப்புக்கு அவளே வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கேக் போடக் கற்றிருந்தாள். திருக்கார்த்திகை முடிந்ததும் உலர்ந்த திராட்சையையும் பேரீச்சம்பழத்தையும் நறுக்கித் திராட்சைச் சாற்றில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைப்பாள். அதிலிருந்து புதுவருசம் வரைக்கும் பின்கட்டில் கேக் வேகிற மின் அடுப்பு, ஓவன் என்பாள், சூடு ஆறாது. கிறிஸ்துமஸுக்குத் திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கமெல்லாம் சர்ச்சுக்காரர்களும் டீச்சர்மாரும் சொல்லிவைத்து வாங்குவார்கள்.

எங்கள் வீட்டில் அதுவரை முட்டை ஏறினதில்லை. நான் கோயில் வாசல் கடைகளுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறவள். அவள் வந்து கேட்டபோது எனக்கு வேண்டாமென்றும் சொல்ல வரவில்லை, சரியென்றும் சொல்ல வரவில்லை. “பின்கட்டோட இருக்கட்டும். என்னைத் தொடச் சொல்லாத,” என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே மாவு கலப்பாள், நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பிச்சிப்பூக் கட்டுவேன். அவள் படித்த இரண்டு வருசமும் அப்படித்தான் போனது. படிக்கிற படிப்பு அவளை விடாது. ஒவ்வொரு தட்டிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, யாருக்கு, எப்போ வைத்தது என்று எழுதுவாள். மூணாவது தட்டைக் காட்டி, “அத்தை, மூணாம் பெட்டு இன்னும் கண்ணு முழிக்கல,” என்பாள். எனக்குச் சிரிப்பு வந்து நூல் தப்பிவிடும்.

எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வாசலில் நின்று, “என்ன மைனி, அம்மனுக்குப் பூக் கட்டுத வீட்டுல முட்டை மணம் தெருமுக்கு வரைக்கும் வருது?” என்றாள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மருமகள் உள்ளேயிருந்தே, “உங்களுக்கு ஒரு துண்டு வைக்கட்டா சித்தி?” என்று கேட்டாள். வந்தவள் கொஞ்சம் நின்று தெருவைப் பார்த்துவிட்டு, முந்தானைக்குள் வாங்கிக்கொண்டு போனாள்.

கடைசி வருசம்தான் படிப்பும் கேக்கும் முட்டிக்கொண்டன. பிரசவ வார்டில் தன் கையால் இத்தனை பிரசவம் பார்த்திருந்தால்தான் பரீட்சைக்கு விடுவார்கள். அவளுக்கு ஒன்று குறைந்தது. கேக் வேலைக்காக ஓரிரு நாள் வார்டுக்குப் போகாமல் இருந்ததில் வந்த வினை. அவள் போகிற நாளில் யாருக்கும் வலி வராது. வந்தால் வேறு பிள்ளை முந்திக்கொள்ளும். கிறிஸ்துமஸ் லீவு விடுவதற்குள் அந்த ஒன்றை முடிக்க வேண்டும். மகன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: “இந்தத் தடவ பரீட்ச எழுதலன்னா போதும்மா. படிச்சது வரைக்கும் போதும், வீட்டப் பாக்கட்டும்.” அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போய் ஊறின பழத்தைக் கிளறிவிட்டாள்.

லீவுக்கு முந்தின நாள் மத்தியானம். ஓவனில் கேக் வெந்துகொண்டிருந்தது. அடுத்த தடவைக்கு வெண்ணெயும் சீனியும் அடித்து நுரையாக வைத்திருந்தாள், முட்டை உடைத்து ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அத்தனையும் மறுநாள் காலை பஸ்ஸில் போக வேண்டிய கேக். அப்போது கூடப் படிக்கிற பிள்ளை போன் பண்ணியது, ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, வார்டில் வேறு மாணவி யாரும் இல்லை, உடனே வா என்று. அவள் ஓவனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். நான்தான், “போடி, போ. வண்டியப் புடி,” என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினாள். கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் வைத்துவிட்டேன், அதுகூட நேராக விழவில்லை. வாசலில் திரும்பி, ஆணியில் தொங்கின கடிகாரத்தைக் காட்டி, “பெரிய முள்ளு நேரா மேல வந்ததும் எடுத்துருங்க அத்தை. வெண்ணெய அப்படியே விட்டுருங்க, நான் வந்து பாத்துக்கிடுதேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் நிலைப்படியில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீழே இறங்கியது. மெதுவாக மறுபக்கம் ஏறியது. மணம் மாறுகிறது என்று மூக்குக்குத் தெரிந்தது. முள் இன்னும் மேலே வரவில்லையே, படித்த பிள்ளை சொன்னது தப்பாகுமா என்று இருந்துவிட்டேன். முள் நேராக மேலே வந்ததும் துணியைப் பிடித்து வெளியே எடுத்தால், எல்லாத் தட்டும் மேலே கருகிக் கிடக்கிறது. காலையில் ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார்கள். அவள் வந்து என்ன செய்ய முடியும்? இந்தக் கேக்கும் போய் அந்தப் பிரசவமும் கிடைக்காமல் வந்தால், அந்தப் பிள்ளைக்குக் கையில் என்ன மிஞ்சும்?

ரொம்ப நேரம் நின்றேன் என்று நினைவு. பிறகு நிலைப்படி தாண்டி உள்ளே போய், தாயே கோமதி என்று சொல்லிக்கொண்டு முட்டையைக் கையில் எடுத்தேன். குளிர்ந்து கிடந்தது, ஃபிரிட்ஜில் வைத்த பூப்பொட்டலம் மாதிரி. முதல் முட்டை கைக்குள்ளேயே நொறுங்கி ஓட்டோடு கிண்ணத்தில் விழுந்தது. ஒவ்வொரு ஓடாகப் பொறுக்கினேன். இரண்டு வருசமாகப் பூக் கட்டிக்கொண்டே பார்த்த வேலைதான், வரிசை மறக்கவில்லை. ஒவ்வொன்றாக ஊற்றிக் கலக்கி, மாவைச் சலித்துப் போட்டு, பழத்தைப் பிழிந்து சேர்த்து உள்ளே வைத்தேன். கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மணம் திரும்பிய உடனே ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன். ஒட்டாமல் வந்தது. அப்புறம் தலைக்குக் குளித்தேன். அன்றைக்குப் பூவைத் தொடவில்லை, கடைக்காரரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

விடிந்ததும் வந்தாள். முதலில் நான்தான் கேட்டேன், “கெடச்சுதா?” தலையை ஆட்டினாள். “நான்தான் அத்தை பிள்ளைய வாங்கினேன். எங் கையிலதான் மொதல்ல அழுதுச்சு,” என்றாள். அப்புறம்தான் பின்கட்டைப் பார்த்தாள், ஒரு பக்கம் கருகினது, ஒரு பக்கம் நல்லது.

“இத யாரு போட்டா?”

“பின்ன, பூனையா போட்டுச்சு?” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, இழுத்துக்கொண்டேன். கடிகாரத்தைச் சொல்லித் திட்டினேன். அவள் அதை ஆணியிலிருந்து எடுத்துத் தன் நெஞ்சில் குத்தி, தலையைக் குனிந்து பார்த்தாள். “எனக்குத்தான் அத்தை இது நேரா தெரியும். தொங்கவிட்டா தலைகீழு. நான் எப்பவும் கையில தூக்கித்தான பாப்பேன், உங்களுக்குச் சொல்லாம போயிட்டேனே,” என்றாள். நான் மேல் என்று பார்த்தது அதற்குக் கீழ். முள் கீழேயிருந்து மேலே வர எடுத்துக்கொண்ட அந்த அரைமணி நேரத்தில்தான் எல்லாம் கருகியது.

நேரம் இல்லை. கருகின மேல்பக்கத்தைச் சீவித் தள்ளினாள். வறண்டு கிடந்ததைக் குச்சியால் அங்கங்கே குத்தி, புது சிரிஞ்சில் திராட்சைச் சாற்றை எடுத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். “டிரிப்ஸ் ஏத்துதேன் அத்தை, பொழச்சுக்கும்,” என்றாள். ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. மற்றதெல்லாம் பஸ் ஏறியது. நான் உடைத்த முட்டையில் ஆன கேக்கை நான் வாயில் வைக்கவில்லை, இன்று வரைக்கும் இல்லை. உடைத்தது அவளுக்காக. தின்பது வேறே காரியம்.

பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டிலேயே இருக்கிறாள், மகனும் அங்கேயே வேலை தேடிக்கொண்டான். கேக் போடுவதை விட்டுவிட்டாள். டிசம்பரில் லீவு கிடைக்காது என்கிறாள். அவளுக்கு அது ஆறு கடக்கிற பரிசல், அக்கரை போனதும் இறங்கிவிட்டாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கடிகாரம் மட்டும் இங்கே இருக்கிறது. நேராகத் தெரிகிற மாதிரி மாட்ட மனசு வரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன்.

ஒன்றை மட்டும் யாராவது சரிபார்க்க வேண்டும். அன்றைக்கு அவள் கையில் பிறந்தது ஆணா பெண்ணா என்று வந்ததும் சொன்னாள். நான் அப்போது கருகின தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், மறந்துவிட்டது. அவளுக்கு நிச்சயம் நினைவிருக்கும். இதைப் படித்தால் இந்த இடத்தில் அவளையே எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.